பன்னிரண்டு கூடைகள்



கோடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம் ஏரி. வனத்துறை அனுமதியோடு பங்கு இளைஞர்களும் நாமும் அங்கே ஒரு பகலைக் கழித்தோம். பாடினோம், செபித்தோம், பகிர்ந்து உண்டோம். புறப்படும்போது கரையெங்கும் நம் சாப்பாட்டுப் பொட்டலத் தாள்கள்!

"சாமி, இந்தத் தண்ணியைத்தான் கீழே பெரியகுளத்துல குடிக்கிறாங்க" என்றார் வனக்காவலர். தலைகுனிந்து பொறுக்கினோம்.

சீடர்களை ஓய்வுக்காகத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்ற ஆண்டவர், அங்கே 5,000 பேர் உண்டபின் மிஞ்சியதை 12 கூடைகளில் சேர்க்கச் செய்தார். புல்வெளியை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை.

மலைமேல் இறைவனைத் தேடும் நாம், மலையடியில் குடத்தோடு நிற்கும் அயலாரை மறக்கலாமா? இந்த விடுமுறையில் எங்கே சென்றாலும், நம் குப்பையை நாமே திரும்பக் கொண்டு வருவோம். அதுவும் செபமே. ஆமென்.