பெர்லினில் அழுத்திய தட்டுகள்

இசைத்தட்டின் இரு பக்கத்திலும் பாட்டு இருக்கும் என்பது நமக்குச் சாதாரண விஷயம். ஆனால் தட்டு விற்பனைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பக்கம்தான் பாடும். மறுபக்கம் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறுமையை நிரப்பி, வியாபாரத்தையே புரட்டிப் போட்டது பெர்லினில் தொடங்கிய ஓடியன் கம்பெனி. தொடங்கியவர் பிரெடரிக் பிரெஸ்காட் என்ற அமெரிக்கர். 1904 வாக்கில் இருபக்கத் தட்டுகள் கடைக்கு வந்தன. பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் ஆறானது, வாங்குபவருக்கு எவ்வளவு பெரிய லாபம்!

தட்டுக்கு வழி திறந்தவரும் ஜெர்மனியில் பிறந்தவரே. ஹனோவரில் பிறந்து அமெரிக்கா சென்ற எமில் பெர்லினர், 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கலாம் என்பதுதான் தட்டின் பலம். ஆனாலும் ஜெர்மனியில் அதை முதலில் விற்றது ஒரு பொம்மைக் கம்பெனி, குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாக! 1898-இல் பெர்லினர் சகோதரர்கள் ஹனோவரில் டாய்ச் கிராமபோனைத் தொடங்கினார்கள். தட்டுக்கு வேண்டிய அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறியது.

என்னை மிகவும் கவர்ந்தது பேக்கா என்ற இன்னொரு பெர்லின் கம்பெனி. அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஹைன்ரிக் பும்ப், 1905-06இல் கருவிகளைச் சுமந்துகொண்டு கெய்ரோ, கல்கத்தா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று அலைந்தார். மின்சார மைக் இல்லாத காலம். பாடகர் பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வு மெழுகில் கோடாக விழும். மெழுகைப் பெர்லினுக்கு எடுத்துப் போய்த் தட்டாக அழுத்தி, அந்தந்த ஊருக்கே திருப்பி அனுப்பி விற்றார்கள். நோக்கம் வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போயிராவிட்டால் பல குரல்கள் காற்றோடு போயிருக்கும்.

பேக்காவையும் ஓடியனையும் 1910, 1911-இல் கார்ல் லிண்ட்ஸ்ட்ராம் கம்பெனி வாங்கியது. முதல் உலகப் போரில் டாய்ச் கிராமபோன் எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிமுதலானது. அதன் தாய்க் கம்பெனி பிரிட்டனுடையது என்பதே காரணம். 1917-இல் டாய்ச் கிராமபோன் லைப்சிக்கின் பாலிபோன் கம்பெனியின் கைக்குப் போனது.

1930-களில் சென்னையில் ஏவி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகள் தமிழ் வீடுகளுக்கு வந்தன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு தட்டு கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் நூலகம் ஒன்றிடம் கொடுங்கள்.