நம்மை யார் எண்ணினார்கள்?

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



‘பல்கலைக் கழக ஆராய்ச்சியும் தமிழ்த் தொழிலாளரும்’ என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. கூட்டம் தொடங்குமுன் வாசலில் நின்ற கொத்தனார் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, ஆராய்ச்சி நமக்கு என்னத்துக்கு? அது சோறு போடுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

சோற்றிலிருந்தே தொடங்குகின்றேன். 1971இல் தாண்டேகர், ரத் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்திய நாட்டின் வறுமையைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார்கள். ஒரு மனிதன் உயிர்வாழ நாளொன்றுக்கு இத்தனை கலோரி உணவு வேண்டும், அதை வாங்க இத்தனை ரூபாய் வேண்டும் என்று அளந்து பார்த்தார்கள். அந்த அளவுகோலின்படி இந்தியாவிலேயே மிக மோசமான நிலையில் இருந்த மாநிலம் கேரளம். கிராமப்புறத்து மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் போதிய உணவில்லாதவர்கள் என்று வந்தது. ஆனால் இதே கேரளத்தில் குழந்தைச் சாவு மற்ற மாநிலங்களைவிடக் குறைவு, மனிதர்களின் ஆயுளும் அதிகம். பட்டினி கிடக்கும் நாட்டில் இது எப்படி நடக்கும்?

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். டில்லியில் புகழ்பெற்ற பேராசிரியராக இருந்த கே.என். ராஜ், அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலத்தில் இங்கே வந்து, உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். உள்ளூர் என்றால் மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் இருக்கும் உள்ளூர். லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். பூச்சு இல்லாத சுவரும் ஓட்டை ஓட்டையான சாளரமும் எதற்கு என்று ஒரு மேஸ்திரி என்னிடம் கேட்டதுண்டு. காற்று வரத்தான்.

அந்த மையத்தின் பேராசிரியர் பி.ஜி.கே. பணிக்கரும் அவருடைய தோழர்களும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். மலையாளி எதைத் தின்கிறான்? அரிசியை மட்டுமா? கொல்லைப்புறத்தில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கு, கரையில் வாங்கிய மத்தி மீன், வீட்டுத் தேங்காய் இவற்றை எவன் கணக்கில் எழுதினான்? தானியத்தையே பெரிதாக எண்ணிப் பழகிய கணக்கில் மரச்சீனி சரியாக விழவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்காக இந்த மையம் தயாரித்த, கேரளத்தின் வறுமையையும் வேலையின்மையையும் பற்றிய ஆய்வு 1975இல் நூலாக வந்தது. உலகம் முழுவதும் இன்றும் ‘கேரள மாதிரி’ என்று பேசுகின்றார்களே, அந்தப் பேச்சுக்கு அடிப்படை போட்டது அந்நூல்தான். கேரளத்தில் வறுமையே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அளவுகோல் தவறு என்றார்கள்.

தோழர்களே, இந்த மரச்சீனியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படாத பொருள் கணக்கில் இருக்காது. கணக்கில் இல்லாதது அரசாங்கத்தின் கண்ணுக்கும் தெரியாது.

இதே மையம் செய்த இன்னொரு பெரிய வேலையைச் சொல்கின்றேன். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு மலையாளிகள் வளைகுடா நாடுகளுக்கு அலையலையாகப் போனார்கள். எத்தனை பேர் என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. 1996இல் கேரள அரசு வெளிநாடுவாழ் கேரளியருக்கென்று தனித்துறை கண்டது. துறை பிறந்தது, எண்ணிக்கை இல்லை. 1998இல் கே.சி. சக்கரியா, இருதய ராஜன் முதலிய ஆய்வாளர்கள் கேரளம் முழுவதும் 10,000 வீடுகளை மாதிரியாக எடுத்துக் கதவைத் தட்டினார்கள். ‘உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போனவர் உண்டா?’ என்று கேட்டார்கள். ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்ற கணக்கு அப்போதுதான் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 2018இல் 21 லட்சத்துக்குச் சற்று மேல். 2023இல் 22 லட்சம். இன்று கேரளச் சட்டசபையில் எந்தக் கட்சிக்காரர் எழுந்து வளைகுடாத் தொழிலாளரைப் பற்றிப் பேசினாலும் கையில் இந்தக் கணக்கு இருக்கும். 2015இல் இதே முறையில் தமிழ்நாட்டிலும் 20,000 வீடுகளில் ஆய்வு செய்து, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 22 லட்சம் என்று சொன்னார்கள்.

நல்ல வேலை. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். வீட்டில் இருப்பவரிடம் வெளியே போனவரைப் பற்றிக் கேட்கின்றார்கள். குடும்பத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டு போனவனைப் பற்றிச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மலையாளி துபாய்க்குப் போனதால் காலியான சாரத்தில் ஏறி நின்றவன் யார், அவன் எந்த ஊர்க்காரன் என்பதும் அந்தக் கேள்விக்குள் வராது.

அவனைத் தேடியும் ஆய்வு நடந்தது. 2013இல் குலாத்தி நிதி, வரி ஆய்வு நிறுவனம் கேரளத்தில் வேலை செய்யும் பிற மாநிலத்தவர் 25 லட்சம் பேர் என்று சொன்னது. பத்திரிகைகள் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டன. அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது தெரியுமா? கேரளத்துக்குள் வரும் தொலைதூர ரயில்களை வைத்து. அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்களைப் பிடிக்க அது நல்ல வழி. ஆனால் நாம் எதில் வருகின்றோம்? நாகர்கோவிலிலிருந்து இங்கே 70 கிலோமீட்டர்தான். களியக்காவிளை பஸ்ஸில் காலையில் வந்து இரவில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! செங்கோட்டையிலிருந்து மலை இறங்கி வருபவர்கள், வாளையாறு வழியாக வருபவர்கள், லாரியில் சரக்கோடு சரக்காக வருபவர்கள். அண்டை மாநிலத்திலிருந்து மற்ற வாகனங்களில் வருபவர்கள் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. தூரத்திலிருந்து வந்தவன் கணக்கில் ஏறினான். பக்கத்திலிருந்து வந்த நாம் மரச்சீனி ஆனோம்.

நாம் எந்த வகையில் சேர்த்தி என்பதே இங்கே குழப்பம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களின் மக்களுக்கு இந்த ஊர் சொந்தத் தலைநகரம். அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது, அவர்கள் வெளிமாநிலத்தார் ஆனார்கள். சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவரும் தமிழர், நேற்று விளாத்திகுளத்திலிருந்து சட்டியும் கரண்டியுமாக வந்து இறங்கியவரும் தமிழர். அரசு இப்போது வெளிமாநிலத் தொழிலாளரை மரியாதையாக ‘அதிதி’ என்கிறது. ஊர்க்காரர்கள் ஒடிசாக்காரனையும் சேர்த்து எல்லாரையும் ‘பெங்காளி’ என்கிறார்கள். நம்மை அண்ணாச்சி என்கிறார்கள், கோபம் வந்தால் பாண்டி. விருந்தாளி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன். ஒரு மாணவி, எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், படிவக் கட்டோடு நாங்கள் தங்கியிருந்த லைனுக்கு வந்தார். ஒரு அறையில் எட்டுப் பேர். முதல் கேள்வி, ‘குடும்பத் தலைவர் யார்?’ எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர், வாடகை வாங்குபவரின் பெயரைச் சொன்னார். அடுத்தது, ‘எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள்?’ ஒருவர் நாலு வருசம் என்றார். இடையில் ஊருக்குப் போவீர்களா என்று கேட்டார். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போவோம் என்றோம். ‘தற்காலிகம்’ என்று எழுதிக்கொண்டார். அடுத்தவர் இருபத்தாறு வருசமாக இங்கே இருப்பவர். அவரும் கொடைக்குப் போகிறவர்தான், அவருக்கும் ‘தற்காலிகம்’. சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது கான்ட்ராக்டரின் ஆள் அறைக்குள் வந்து நின்றுகொண்டான். எல்லாரும் ஒரே தொகையைச் சொன்னார்கள். அந்தப் பெண் நல்ல பெண், நாங்கள் கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். பிறகு அந்தக் காகிதம் என்ன ஆயிற்று, எங்களைப் பற்றி என்ன எழுதினார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளை என்று நினைத்துப் படிவம் அச்சிட்டவர்கள்மேல் கொஞ்சம் வருத்தம். நம்மேலும் வருத்தம்தான். படிவம் என்றாலே போலீஸ் என்று பயந்து பாதிப் பொய் சொன்னது நாம்.

வேறு விதமாகவும் ஆராய்ச்சி செய்யலாம். லீலா குலாத்தி என்ற அம்மையார் இதே உள்ளூர் மையத்தில் இருந்தவர். கேரளத்தில் உழைத்துப் பிழைக்கும் ஐந்தே பெண்களை எடுத்துக்கொண்டார். ஒருவர் வயல்வேலை, ஒருவர் செங்கல் சூளை, ஒருவர் மீன் விற்பவர், ஒருவர் கட்டட வேலை, ஒருவர் கயிறு திரிப்பவர். அவர்களுடைய வாழ்க்கையை, யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது வரை எழுதி 1981இல் நூலாகத் தந்தார். பத்தாயிரம் வீடும் வேண்டும், இந்த ஐந்து பெண்களும் வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்று பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

நம்மைப் பற்றி யாருமே எழுதவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1986இலேயே அந்த மையத்தின் எம்.ஃபில். மாணவர் ஒருவர், கேரளத்தில் உள்ள தமிழ்க் கட்டடத் தொழிலாளரைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். 2007இல் கொச்சியில் தமிழ்த் தொழிலாளரைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. இரண்டும் ஆங்கிலத்தில். 1986இல் சாரம் கட்டியவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவராவது தம்மைப் பற்றி எழுதியதைத் தம் மொழியில் கேட்டிருப்பாரா?

இனி, வாசலில் கேட்ட கொத்தனாருக்கு வருகின்றேன். எண்ணிக்கை சோறு போடுமா? அவர் பிள்ளை தமிழில் படிப்பதை எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கின்றார்கள். வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள். 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு இது. ஒரு வட்டாரத்தில் 15 விழுக்காடு இருந்தால் அரசு அறிவிப்புகளைச் சிறுபான்மையினரின் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டதே. ஒன்பது பிள்ளை என்றால் வாத்தியார் இல்லை, பத்து என்றால் உண்டு. இதைவிடப் பெரிய அரசியல் என்ன வேண்டும்?

2001 மக்கள்தொகைக் கணக்கில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம். 2011இல் 5 லட்சத்து 2 ஆயிரம். பத்தாண்டில் 95 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்? சிலர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். சிலர் மலையாளம் என்று சொல்லியிருக்கலாம், பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து. சிலரை எண்ண வந்தவர் பார்க்காமலே போயிருக்கலாம். எது எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. தேவிகுளம் தோட்டத்திலும் பாலக்காட்டு எல்லையிலும் இந்தத் தலைநகரத்திலும் வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அன்றைக்கு வாசலில் நின்று கேட்பவருக்கு வாடகை வாங்குபவரின் பெயரையே நாம் மறுபடியும் சொல்லப் போகிறோமா?

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஆய்வேடு எழுத ஆள் வேண்டும், எங்களை எண்ண ஆள் வேண்டும். வாருங்கள், கதவு திறந்திருக்கிறது. ஆனால் சங்கத்தின் சார்பில் சில நிபந்தனைகள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கான்ட்ராக்டரின் ஆள் அன்றைக்கு இருக்க மாட்டான். ஒரு முறை வந்து போய்விடாதீர்கள். அறையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரையும் தனித்தனியாக எழுதுங்கள். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களிடம் பெண்களே கேளுங்கள், அவர்களுக்காக மேஸ்திரி பதில் சொல்வதை ஏற்காதீர்கள். எழுதி முடித்த பிறகு இதே மண்டபத்துக்கு வந்து, கண்டதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் எங்கள் ஆட்கள் எழுந்து சொல்வார்கள். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரைவிட அவர்கள் கண்டிப்பானவர்கள், இப்போதே எச்சரித்துவிடுகின்றேன்.

மாணவர்கள் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. செயலாளர் இரண்டு குயர் நோட்டு ஆறு வாங்கி வைத்திருக்கின்றார். சாலை, கரமனை, கிள்ளிப்பாலம், ராஜாஜி நகர் என்று இடம் பிரித்தாயிற்று. ஆறு கட்டம்: பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, வேலை, வீட்டில் பேசும் மொழி, ஐந்து முதல் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் எத்தனை. ஆதார் எண் கேட்கக் கூடாது, போன் எண் கேட்கக் கூடாது. எழுத விருப்பமில்லை என்று சொல்பவரை வற்புறுத்தக் கூடாது. கரமனைக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறது. எழுதத் தெரிந்த பெண் தோழர்களாக இருந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.