கொச்சிக்காய் மட்டுமா குற்றவாளி?

(மாதர் கமிட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளப் பேச்சு இல்லை, வயிற்றுப் பேச்சு. போன கூட்டம் முடிந்து போகும்போது ஒரு அக்கா கேட்டார்: "வாத்தியாரே, கொச்சிக்காய் தின்றால் குடல் வெந்துபோகுமா?" பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு தலையாட்டினீர்கள். அதற்குத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

குடல் வேகாது. கொச்சிக்காயில் கப்சைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சூட்டை உணரும் நரம்பை அது உசுப்பிவிடுகிறது. நெருப்பே இல்லாமல், சுட்டுவிட்டதாக நரம்பு மூளைக்குச் சொல்கிறது. அந்த நரம்பு வாயில் மட்டுமல்ல, குடலின் கடைசி வாசலிலும் இருக்கிறது. மறுநாள் காலையில் எரிவது அதனால்தான். சிரிக்கிறீர்கள், ஆனால் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே!

அப்படியானால் அல்சர் எப்படி வருகிறது? முன்பு டாக்டர்மாரே காரத்தையும் கவலையையும்தான் சொன்னார்கள். அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரண்டு டாக்டர்கள், வயிற்றில் வாழும் ஒரு கிருமிதான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளிலேயே இரைப்பையில் அழற்சி ஏற்பட்டு வாந்தியும் வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

இன்னொரு காரணம் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. என் அம்மா கொழுந்து எடுத்தவர். கூடை இழுத்து முதுகு நோகும். கடையில் உதிரியாக விற்கும் நோவு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போவார். நெஞ்சு எரிந்ததும் கொச்சிக்காயை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. கடைசியில் மலம் தார் போலக் கறுத்தது, மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது சாப்பாட்டை அல்ல, "என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்றுதான். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் இவையெல்லாம் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. டாக்டரிடம் கேட்காமல் நாள்கணக்கில் போடாதீர்கள். பரசிட்டமோல் அந்த வகை இல்லை, ஆனாலும் அதற்கும் அளவு உண்டு.

அதற்காகக் கொச்சிக்காய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏற்கெனவே புண், நெஞ்செரிச்சல், மூலம் இருப்பவருக்குக் காரம் வேதனையைக் கூட்டும். அவர்கள் குறைக்கத்தான் வேண்டும். இரவில் உறைப்பாகச் சாப்பிட்டு உடனே படுப்பதையும் விடுங்கள். ஆனால் "இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு உறைப்பு இல்லாமல் இறங்காது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கறிக்குக் காசில்லாத நாளில் நாலு கொச்சிக்காயையும் வெங்காயத்தையும் உப்பையும் இடித்தால்தான் ரொட்டி இறங்குகிறது. ருசி கொஞ்சம், வறுமை கொஞ்சம். முடிந்த நாளில் பருப்போ தேங்காய்ப்பூவோ சேருங்கள், எரிச்சல் குறையும்.

அம்மாமாருக்கு ஒன்று. மலையில் கக்கூஸ் இல்லையென்று நீங்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. மலம் இறுகுகிறது, முக்கிப் போகும்போது கிழிகிறது, அதன்மேல் காரம் பட்டு எரிகிறது. பழி கொச்சிக்காய்க்கு! இது சமையலறையில் தீர்கிற விஷயமல்ல, நிர்வாகத்திடம் பேச வேண்டிய விஷயம்.

கறுத்த மலம், இரத்த வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரைப்பேர் போனாலும் பரவாயில்லை. விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவது இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். முன்பு தாங்கிய உறைப்பு இப்போது வாயில் தாங்கவில்லை, வாய் முன்போல் திறக்கவில்லை என்றால் வயிற்று மருந்து வாங்காதீர்கள். பாக்கால் வாய்த்தோல் இறுகுகிற நோயாக இருக்கலாம், அது புற்றுநோயாக மாறக்கூடும். டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் மலைக்குக் கக்கூஸ், கொதித்தாறிய தண்ணீர், அவசரமில்லாமல் சாப்பிட நேரம் மூன்றையும் எழுதப்போகிறோம். எந்தெந்த நம்பர் மலையில் இவை இல்லை என்று குறித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தலைவியிடம் கொடுத்துவிடுங்கள்.