நெல் வயலில் மீத்தேன் வாயுவைக் குறைக்கும் முறை: மீகாங் டெல்டாவின் அனுபவம்



புவி வெப்பமடையக் காரணமான வாயுக்களைக் குறைக்க நாடுகளும் வட்டாரங்களும் இலக்குகள் வகுத்து வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆலைகளும் அனல் மின் நிலையங்களும்தான் இதற்குப் பொறுப்பு என்று நீங்கள் எண்ணலாம். பெரும்பங்கு அவற்றினுடையதே. எனினும் நீர் தேங்கிய நெல் வயலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைக் குறைக்க வியட்நாமின் மீகாங் டெல்டா உழவர்கள் செய்து வருவதை இன்று கூறுகிறேன்.

வயலில் நடப்பது என்ன?

வயலில் தொடர்ந்து நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மக்கும் தாளையும் வேரையும் தின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாக வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நீரை அவ்வப்போது வடியவிட்டால் மண்ணில் காற்று புகும். மீத்தேன் உற்பத்தி குறையும்.

மீகாங் டெல்டாவின் இலக்கு

வியட்நாமின் நெல் உற்பத்தியில் பாதிக்கும் மேல் இந்த டெல்டாவில்தான் விளைகிறது. அந்நாட்டு அரசு 2023 நவம்பரில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. 2030-க்குள் 10 லட்சம் எக்டரில் தரமான, குறைந்த வாயு வெளியிடும் நெல் சாகுபடி செய்வது அதன் நோக்கம். முதற்கட்டமாக 2025-க்குள் 1,80,000 எக்டர் என்று வகுத்தனர்.

இலக்கை அவர்கள் உழவருக்குப் புரியும் கணக்கில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. 2030-க்குள் விதையளவு எக்டருக்கு 70 கிலோவுக்குக் கீழ், அதாவது ஏக்கருக்குச் சுமார் 28 கிலோவுக்குள் வர வேண்டும். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் 30 சதம், பாசன நீர் 20 சதம் குறைய வேண்டும். வைக்கோல் முழுவதையும் வயலிலிருந்து அகற்றிப் பயன்படுத்த வேண்டும். வாயு வெளியீடு 10 சதத்திற்கு மேல் குறைய வேண்டும்.

இதுவரை கண்ட பலன்

2024-ல் ஐந்து மாகாணங்களில் ஏழு முன்னோட்ட வயல்கள் அமைக்கப்பட்டன. விளைச்சல் குறையாமலே, எக்டருக்கு 2 முதல் 12 டன் வரை கரியமில வாயுவுக்கு ஈடான அளவு குறைந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்பீர்கள். பருவம், வடிகால் வசதி, வைக்கோலை அகற்றிய அளவு ஆகியவற்றைப் பொறுத்து இப்பலன் மாறும். 2025 ஜூன் மாதத்தில் இவ்வகை அரிசி 500 டன் முதன்முதலாக ஜப்பானுக்கு ஏற்றுமதியாயிற்று.

முன்னோட்ட வயல் வெற்றி பெறுவது எளிது. 10 லட்சம் எக்டரில் அதையே செய்வது எளிதன்று. ஒவ்வொரு வாய்க்காலிலும் நீரைக் கட்டவும் வடிக்கவும் முடிய வேண்டும். அங்கும் உண்மையான சோதனை இனிமேல்தான்.

நாம் செய்யக்கூடியது

இம்முறை நமக்குப் புதிதன்று. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் அறிந்ததே. 30 செ.மீ. நீளமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இறங்குமாறு வயலில் ஊன்றி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்து விடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாயினுள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கிய பின் மீண்டும் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டுங்கள். களை மிகுந்திருந்தால் மேலும் ஒரு வாரம் நீர் நிறுத்திப் பின்பு தொடங்கலாம். பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் காயவிடக் கூடாது. விட்டால் பதர் மிகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காய்ந்து நனையும் வயலில் தழைச்சத்து அதிகமிருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு வெளியேறும். ஆகவே யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், மண் பரிசோதனைப்படி பிரித்து இடுங்கள். அறுவடைத் தாளை எரிக்கவும் வேண்டாம். பச்சையாகச் சேற்றில் மடக்கி உடனே நீர் கட்டவும் வேண்டாம். தீவனமாகவோ தொழு உரமாகவோ ஆக்குங்கள்.

முறைப்பாசனத்தில் கடைமடை உழவர், "அடுத்த முறை தண்ணீர் வருமா?" என்று அஞ்சி வயலை நிரப்பி வைப்பது இயல்பே. அவரைக் குறை கூறிப் பயனில்லை. தண்ணீர் வரும் நாள் உறுதியானால்தான் அவர் துணிந்து காயவிடுவார். ஆகவே ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் அனைவரும் கூடிப் பேசி முறை வகுத்துக்கொள்வது அவசியம்.

வாயு குறைத்ததற்குப் பணம் தருவோம் என்று யாரேனும் வந்தால், ஒப்பந்தத்தை முழுதும் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். அப்பணம் வந்தாலும் வராவிட்டாலும், விதையிலும் உரத்திலும் எஞ்சின் எண்ணெயிலும் மிச்சமாவது உங்கள் கையில் நிற்கும். எவ்வளவு பெரிய இலக்கானாலும் அது எட்டப்படுவது வரப்புக்குள்தான். வரும் பருவத்தில் ஒரு வயலிலாவது குழாயை ஊன்றிப் பார்த்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.