தருமனை விட்டுவிட்டுச் சகுனியின் காயைப் பார்ப்போம்: தஸ்மேனியாவின் போக்கி மெசின்கள்

(மெல்பேர்ணில் நடந்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. பேச்சு வழக்கை முழுதாகத் திருத்தவில்லை.)



இந்தத் தலைப்பில் பேசப்போறன் எண்டு சொன்னவுடனே ஒரு தோழர் கேட்டார்: சூதாட்டம் தனிமனித ஒழுக்கப் பிரச்சினை எல்லோ, இடதுசாரிக் கூட்டத்தில அதுக்கு என்ன வேலை எண்டு. அவர் மட்டுமில்லை, எங்கட ஆக்களில் கனபேர் அப்படித்தான் நினைக்கினம். சூது எண்டதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது தருமன். நாட்டை வைச்சான், தம்பிமாரை வைச்சான், மனுசியை வைச்சான். ஆசை கண்ணை மறைச்சுப் போட்டுது எண்டு அம்மம்மா கதை சொல்லுவா. ஆனால் அந்தக் கதையிலேயே காய் சகுனியின்ர காய். மண்டபம் துரியோதனன் கட்டினது. தருமனின் பலவீனத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிற நாங்கள், காயையும் மண்டபத்தையும் பற்றி ஏன் கதைக்கிறதில்லை?

என்னுடைய முதுகலை ஆய்வு அந்தக் காயையும் மண்டபத்தையும் பற்றியதுதான். இடம் தஸ்மேனியா. விக்டோரியாவிலிருந்து கப்பலில் ஓர் இரவுப் பயணம். சனத்தொகை ஆறு இலட்சத்துக்கும் குறைவு. அந்தச் சின்னத் தீவில் சனம் போக்கி மெசின்களில் இழக்கிற காசு நாளொன்றுக்கு அரை மில்லியன் டொலர் அளவில் நிற்குது. நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டால் இது சின்னக் கணக்கு. ஆனால் சின்ன இடம் எண்டபடியால் யார் யாருக்கு என்ன கொடுத்தது எண்டு அங்கே தெளிவாகத் தெரியும். அதனால்தான் அதைத் தெரிவு செய்தேன்.

அவுஸ்திரேலியாவின் முதலாவது சட்டபூர்வமான கசினோ சிட்னியிலும் வரேல்ல, மெல்பேர்ணிலும் வரேல்ல. ஹோபார்ட்டில், டேர்வென்ற் ஆற்றங்கரையில், ரெஸ்ட் பொயின்ற் எண்ட இடத்தில் வந்தது. 1968 டிசம்பரில் இதுக்கெண்டு ஒரு பொதுசன வாக்கெடுப்பு வைச்சார்கள். 53 வீதம் ஆம். 1973 பெப்ரவரியில் கசினோ திறந்தது. திறப்பு இரவுக்கு அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸைக் கொண்டுவந்தார்கள். சுற்றுலா வளரும், வெளியூர்க்காரரின் காசு உள்ளே வரும் எண்டதுதான் வாக்குறுதி. உரிமம் ஃபெடரல் ஹோட்டல்ஸ் எண்ட ஒரே நிறுவனத்துக்கு. 1982இல் லோன்செஸ்டனில் இரண்டாவது கசினோ, அதுவும் அவர்களுக்கே.

வாக்கெடுப்பில் சனத்திடம் கேட்டது ஒரு கசினோ பற்றி. ஆனால் 1997இல் மெசின்கள் கசினோவை விட்டு வெளியே, பப்புக்கும் கிளப்புக்கும் வந்தன. அதுக்கு வாக்கெடுப்பு வைக்கேல்ல. அன்றிலிருந்து இது சுற்றுலாப் பயணியின் கதை இல்லை. மெசின் போய் நின்றது உள்ளூர்ச் சனத்தின் தெருவில். கசினோவுக்கு வெளியே கூடுதலாகக் காசு போகிற நகரசபைப் பகுதி கிளெனோர்க்கி, ஹோபார்ட்டின் வடக்குப் பக்கம், தொழிலாளர் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம்.

2003இல் அரசாங்கம் அந்த நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. தீவு முழுக்க மெசின் நடத்துகிற தனியுரிமை, 15 வருடங்களுக்கு. கேள்விப்பத்திரம் கோரவில்லை, ஏலம் விடவில்லை. எங்கட ஊர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். பிரிட்டிஷ்காரன் காலத்துச் சாராயக் குத்தகை மாதிரித்தான். ஆனால் அவன்கூடத் தவறணையை ஏலத்தில் விட்டான்! இந்த வரலாற்றை முழுதாக அறிய விரும்புகிறவர்கள் ஜேம்ஸ் பொய்ஸ் எண்ட தஸ்மேனிய வரலாற்றாசிரியர் 2017இல் எழுதின "லூசிங் ஸ்ட்ரீக்" புத்தகத்தைத் தேடி வாசியுங்கோ.

இனி மெசினுக்கு வருவம். மெசினுக்கு வெளியே ஒட்டியிருக்கிற அறிவித்தலில் இத்தனை வீதம் விளையாடுபவருக்குத் திரும்பும் எண்டு இருக்கும். 90 வீதம் எண்டு வையுங்கோ. கேட்கிறவர் நினைப்பார், நூறு டொலரோடு போனால் தொண்ணூறோடு வரலாம் எண்டு. அப்படி இல்லை. அந்த வீதம் ஒவ்வொரு சுழற்சிக்கும். திரும்பி வந்த தொண்ணூறைத் திரும்பப் போடுவீர்கள், 81 ஆகும். அதைப் போட்டால் 72 சொச்சம். பத்துத் தரம் அந்தக் காசு சுற்றி வந்தால் சராசரியாகக் கையில் 35 டொலர். ஒரு சுழற்சிக்குச் சில விநாடிதான், ஆகவே ஒரு மணித்தியாலத்துக்குள் இது முடிஞ்சுவிடும். அதுக்குள்ளே ஒரு டொலர் போட்டு முப்பது சதம் வந்தாலும் பல மெசின்கள் மணியடிச்சு வெளிச்சம் போட்டுக் கொண்டாடும். எழுபது சதம் தோற்றதுக்கு வாழ்த்துப்பாட்டு.

இதை யாரும் வழக்காடிப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், இந்த மெல்பேர்ணிலேயே. ஒரு பெண், தான் வருடக்கணக்காக விளையாடின மெசின் ஏமாற்றும் வடிவமைப்புக் கொண்டது எண்டு கிரவுன் கசினோவுக்கும் அரிஸ்டோகிராற் நிறுவனத்துக்கும் எதிராகப் பெடரல் நீதிமன்றம் போனா. அந்த மெசினில் ஐந்து சுருள். ஐந்தாவது சுருளில் மற்றவற்றைவிடக் கூடுதலான சின்னங்கள். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே அளவு மாதிரித் தெரியும். 2018 பெப்ரவரியில் வழக்குத் தள்ளுபடியானது. அதாவது நான் இப்ப விவரித்த எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. மெசின் ஒழுங்குமுறையை மீறி எங்களைப் பிடிக்கவில்லை, ஒழுங்குமுறைப்படிதான் பிடிக்குது.

என் ஆய்வுக்காக ஹோபார்ட்டில் ஓர் அக்காவோடு கதைச்சேன். பெயர், ஊர் ஒன்றும் சொல்லமாட்டேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. வேலை முடிஞ்சு வரும்போது திறந்து, சூடாக, வெளிச்சமாக இருந்த ஒரே இடம் அந்த பப்தான் எண்டா. வெல்லுகிற எண்ணம் முதல் சில மாதத்திலேயே போய்விட்டதாம். பிறகு போனது மண்டைக்குள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கிறதுக்காக. நான் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைச்சுவிட்டேன். ஏனெண்டால் நட்டாஷா டௌ ஷூல் எண்ட மானிடவியலாளர் லாஸ் வேகாஸ் மெசின்கள் பற்றி 2012இல் எழுதின புத்தகத்திலும் இதேதான் இருக்கு: விளையாடுகிறவர்கள் வெல்லுறதுக்காக இல்லை, அந்த நிலைக்குள்ளேயே தொடர்ந்து இருக்கிறதுக்காக விளையாடினம் எண்டு. அந்த அக்கா அதை வாசிச்சவ இல்லை. அவவின் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிஞ்சால் "சூதாடி" எண்ட ஒரு சொல்லில் அவவின் இருபது வருட உழைப்பும் போய்விடும். ஆரம்பத்தில் தோழர் கேட்ட கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான். ஒழுக்கப் பிரச்சினை எண்டு நாங்கள் சொல்லுறதால் லாபம் யாருக்கு எண்டு பாருங்கோ.

மற்றப் பாதி அரசியல். 2017 டிசம்பரில் தஸ்மேனியத் தொழிற்கட்சி, ரெபேக்கா வைற்றின் தலைமையில், ஒரு துணிச்சலான அறிவிப்புச் செய்தது: 2023க்குள் பப்புகளிலும் கிளப்புகளிலும் இருந்து மெசின்களை அகற்றுவோம். அடுத்த மார்ச்சில் தேர்தல். வேலை போகும், பப் மூடப்படும் எண்டு எங்கே பார்த்தாலும் விளம்பரம். லிபரல் கட்சி வென்றது. சூதாட்ட, ஹோட்டல் தரப்புகளிடமிருந்து அவர்களுக்கு நான்கு இலட்சம் டொலருக்கு மேல் வந்தது எண்ட விபரம் அடுத்த வருடம்தான் வெளியே வந்தது. அதுவும் முழுத்தொகை எண்டு சொல்லேலாது. மாநிலத்துக்கெண்டு நன்கொடைச் சட்டம் அப்ப இல்லை. அப்ப இருந்த மத்திய சட்டத்தின்படி 13,500 டொலருக்குக் குறைந்ததை வெளியே சொல்லவே தேவையிருக்கேல்ல. 2021இல் தொழிற்கட்சியும் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, ஹோட்டல் துறைச் சங்கத்தோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. எங்கட பெற்றோரில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு வாக்குப் போடுகிற அதே தொழிற்கட்சிதான்.

வேலை பற்றின வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். பப்பில் வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்தான். அவர்களில் எங்கட மாணவர்களும் இருக்கினம். ஆனால் மேற்கு அவுஸ்திரேலியாவைப் பாருங்கோ. அங்கே பேர்த் நகரக் கசினோவுக்கு வெளியே போக்கி மெசின் இல்லை. பப்பும் இருக்கு, பியரும் இருக்கு, வேலையும் இருக்கு.

2021 நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. ஃபெடரல் குழுமத்தின் தனியுரிமை 2023 ஜூலையோடு முடிஞ்சது. அதைச் சீர்திருத்தம் எண்டு சொன்னார்கள். உண்மையில் நடந்தது, ஒருவர் கையில் இருந்த உரிமம் ஒவ்வொரு பப்பின் கைக்கும் போனது, 20 வருடங்களுக்கு. கசினோ மெசின்களுக்கான வரிவீதம் குறைக்கப்பட்டது. இனி எந்த அரசாங்கம் மெசினை அகற்ற நினைச்சாலும் ஒவ்வொரு உரிமதாரரும் நட்டஈடு எண்டு வந்து நிற்பினம்.

பிறகு ஒரு ஆச்சரியம். 2022 செப்டம்பரில் அதே லிபரல் அரசாங்கம், நாட்டிலேயே முதலாவதாக, கட்டாய அட்டைத் திட்டத்தை அறிவிச்சது. அட்டை இல்லாமல் எந்த மெசினிலும் விளையாடேலாது. அட்டையில் இழப்புக்கு வரம்பு: நாளுக்கு 100 டொலர், மாதத்துக்கு 500, வருடத்துக்கு 5,000. ஒரு வரம்பு முடிஞ்சால் தீவில் எந்த மெசினும் வேலை செய்யாது. பக்கத்து பப்புக்குப் போயும் பிரயோசனமில்லை.

இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்க ஒரு பழைய எண் வேணும். உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010இல் வெளியிட்ட அறிக்கை, போக்கி வருமானத்தில் சுமார் 40 வீதம் சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களிடமிருந்து வருகுது எண்டு மதிப்பிட்டது. ஒரு மணித்தியாலத்தில் 1,500 டொலர்கூட இழக்கலாம் எண்டும், ஒரு சுழற்சிக்கு உச்சம் ஒரு டொலர் எண்டு வைச்சால் அது சுமார் 120 ஆகக் குறையும் எண்டும் அதில் இருக்கு. அந்த 40 வீதம் வழுவழுப்பான துண்டுப்பிரசுரங்களால் போகாது. "பொறுப்போடு விளையாடுங்கள்" எண்ட ஸ்டிக்கரால் போகாது. வரம்பு வைச்சால் போகும். நோர்வே 2007இல் மெசின்களை எல்லாம் அகற்றி, பிறகு அட்டையோடும் கட்டாய வரம்போடும் அரச நிறுவனத்தின் மெசின்களை மட்டும் கொண்டுவந்தது. ஆகவே அட்டை ஒன்றும் கற்பனை இல்லை.

சரி, தஸ்மேனியாவில் அட்டை எங்கே? 2024 முடிவுக்குள் எண்டார்கள். பிறகு 2025 எண்டார்கள். 2025 மே மாதம் காலவரையின்றி ஒத்திவைச்சுவிட்டார்கள். அதுக்குப் பதிலாக முகத்தை அடையாளம் காணுகிற கமரா போன்றவற்றைப் பற்றிக் கதைக்கினம். கமரா என்ன செய்யும்? தன்னை உள்ளே விடவேண்டாம் எண்டு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்களைக் கண்டுபிடிக்கும். அந்த அக்கா எங்கேயும் எழுதிக் கொடுக்கேல்ல. கமராவுக்கு அவ சாதாரண வாடிக்கையாளர்.

இது இரண்டாவது தரம் எண்டதையும் சொல்லவேணும். 2010இல் தொங்கு பாராளுமன்றம் வந்தபோது ஹோபார்ட்டைச் சேர்ந்த சுயேச்சை உறுப்பினர் அன்ட்ரூ வில்கி, கட்டாய வரம்பு கொண்டுவந்தால்தான் ஆதரவு எண்டு ஜூலியா கில்லார்டோடு உடன்பாடு செய்தார். கிளப்புகள் பெரிய பிரசாரம் செய்தன. 2012 ஜனவரியில், வில்கியின் வாக்கு அவ்வளவு தேவையில்லை எண்ட நிலை வந்தவுடன், கில்லார்ட் கைவிட்டார். உதவி இலக்கம், ஆலோசனை நிலையம், விழிப்புணர்வு வாரம் எதையும் இந்தத் தொழில் எதிர்க்கிறதில்லை. வரம்பு எண்டவுடன் மட்டும் முழுப்பலத்தோடு வருகுது. எது வருமானத்தில் கை வைக்கும் எண்டு அவர்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்.

இங்கே இருக்கிற சிலருக்கு அட்டை பிடிக்காது எண்டு தெரியும். அரசு எங்களைக் கண்காணிக்கிறதுக்கு இன்னொரு வழி எண்டு சொல்லுவீங்கள். தடுப்பு முகாமையும் விசாவையும் கண்ட சமூகம், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கசினோக்கள் சலுகை அட்டை எண்டு ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு அழுத்தலையும் இப்பவே பதிஞ்சு வைக்கினம், இன்னும் கூடுதலாக விளையாட வைக்க. என் நிலைப்பாடு: அட்டைத் தரவைக் காவல்துறைக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ கொடுக்கக்கூடாது எண்டு சட்டத்திலேயே எழுதவேணும். அதோடு சுழற்சிக்கு ஒரு டொலர் உச்சம். அதுக்கு எந்த அட்டையும் தேவையில்லை, மெசினைத்தான் மாற்றவேணும்.

கடைசியாக எங்கட வீட்டுக்குள்ளே. தஸ்மேனியாவில் பப், கிளப் மெசின் வருமானத்திலிருந்து சமூக நிதி எண்டு ஒரு சின்னப் பங்கு எடுத்து, அதில் கணிசமான பகுதியை விளையாட்டுக் கழகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுத்து வந்தார்கள். வாங்கின கை எதிர்த்து எழுதாது. இங்கே விக்டோரியாவில் நாங்கள் என்ன செய்யிறம்? பிறந்தநாள், அரங்கேற்ற விருந்து, பழைய மாணவர் சங்க இரவுச் சாப்பாடு, எல்லாம் கிளப் மண்டபத்தில். வாடகை ஏன் குறைவு எண்டு யாரும் கேட்கிறதில்லை. பக்கத்து அறையில் மெசினுக்கு முன்னால் இருக்கிறவர் அந்த மண்டபத்தின் வாடகையில் பாதியைக் கட்டுகிறார். சின்னப் பிள்ளையாக இருக்கேக்க அந்த அறையின் கலர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நானும் ஐஸ்கிறீம் சாப்பிட்டிருக்கிறேன், மற்றப் பிள்ளைகள் மாதிரி.

ஆகவே இரண்டு கோரிக்கை. வருட முடிவு நிகழ்ச்சிக்கு எங்கட அமைப்பு மெசின் உள்ள இடத்தை எடுக்கக்கூடாது எண்டு இன்றைக்குத் தீர்மானிக்கவேணும். மற்றச் சங்கங்களுக்கும் அதையே கேட்டு ஒரு கடிதம் எழுதவேணும். நகரசபை மண்டபம் ஒன்றுக்கும் ஒரு பாடசாலை மண்டபத்துக்கும் வாடகை விசாரிச்சு வைச்சிருக்கிறேன், கிளப்பைவிடக் கூடத்தான். சாப்பாட்டை நாங்களே சமைச்சால் சமாளிக்கலாம். கணக்குத் தாள் பின்மேசையில் இருக்கு, தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாங்கோ, கதைப்பம்.