சி.ஏ. எங்கே படிப்பது?

பிள்ளையை ஆடிட்டர் ஆக்க ஆசைப்படும் குளச்சல் பெற்றோர் பலர், சென்னைக்கோ கொச்சிக்கோ அனுப்ப வேண்டுமே என்று மலைக்கிறார்கள். மலைக்க வேண்டாம். சி.ஏ.வுக்குக் கல்லூரி கிடையாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே பாடநூல் தருகிறது, தேர்வு நடத்துகிறது. இணையவழி வகுப்புகளை இலவசமாகவும் நடத்துகிறது. மும்பைப் பிள்ளைக்கும் குளச்சல் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான். பி.காம்.-இல் 55 சதவீதம் எடுத்தவர்கள் நேரே இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம்.

உண்மையில் யோசித்துத் தேர வேண்டியது, ஆடிட்டரிடம் பெறும் இரண்டாண்டுப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்புக்கான அலுவலகத்தைத்தான். வவுச்சரையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் வரிவரியாக ஒத்துப்பார்த்துத் தொழில் படியும் இடம் அது. நாகர்கோவிலின் சிறிய அலுவலகத்தில் ஜி.எஸ்.டி., வருமானவரி, தணிக்கை எல்லாமே கைக்கு வர வாய்ப்புண்டு. சேருமுன், அங்கே பயிலும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: என்னென்ன வேலை தருகிறார்கள், படிக்க லீவு கிடைக்கிறதா?