ஒன்றேகால் குஜராத்தியர்



அகமதாபாத்திலோ பரோடாவிலோ நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம்மவர் ஒருவர், காய்கறிக்காரரிடம் குஜராத்தியில் பேரம் பேசுவார். அண்டை வீட்டாரோடு அம்மொழியிலேயே அளவளாவுவார். ஆனால் அம்மொழியில் ஒரு நூலையேனும் படித்ததுண்டா என்று கேட்டால், "அது அவர்கள் இலக்கியம், நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று ஒதுங்கிக்கொள்வார். அவ்வாறு ஒதுங்குவோர், சாகித்ய அகாதெமி குஜராத்தி நூல்களுக்கு வழங்கிவந்துள்ள பரிசுகளின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

அகாதெமி 1954ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டே முதற் பரிசுகள் அறிவிக்கப்பெற்றன. தொடக்கத்தில் ஐயாயிரம் ரூபாயாக இருந்த பரிசுத்தொகை இன்று ஒரு லட்சம். அத்துடன் ஒரு செப்புப் பட்டயமும் உண்டு. 1955இல் தமிழுக்குரிய பரிசு ரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் 'தமிழின்பம்' என்னும் கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. குஜராத்திக்குரிய பரிசைப் பெற்றது கவிதையன்று, கதையன்று. மகாதேவ தேசாயின் நாட்குறிப்பு. 1917 முதல் காந்தியடிகளின் செயலாளராக இருந்து, அண்ணல் பேசியதையும் எழுதியதையும் நாள்தோறும் குறித்துவைத்தவர் அவர். 1942 ஆகஸ்டு 15ஆம் நாள், புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர் நீத்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பரிசு அவர் பெயரைத் தேடி வந்தது.

மறு ஆண்டும் மறைந்தவர் ஒருவருக்கே பரிசு. குஜராத்தி யாப்பிலக்கணத்தை விரிவாக ஆராய்ந்து 'பிருஹத் பிங்கள்' என்னும் பெருநூலை இயற்றிய ராமநாராயண் பாடக், 1955இலேயே காலமாகியிருந்தார். அதே 1956இல் தமிழுக்குரிய பரிசும், இரண்டாண்டுகளுக்கு முன் மறைந்த கல்கியின் 'அலை ஓசை'க்குத்தான் கிடைத்தது என்பதை நேயர்கள் நினைவுகூரலாம். 1958இல் பரிசு பெற்றவர் பண்டித சுக்லால்ஜி. பதினாறாம் வயதில் அம்மை நோயால் கண்ணொளி இழந்தும், சமண சமயத் தத்துவத்தில் பேரறிஞராக விளங்கியவர் அவர்.

தொடக்க காலத்துப் பட்டியல் புலமையின் பக்கமே பெரிதும் சாய்ந்திருந்தது. மக்கள் விரும்பிப் படித்த நாவல், 1975இல் தர்ஷக் எழுதிய 'சாக்ரட்டீஸ்' வரும்வரை வாயிலிலேயே நிற்க நேர்ந்தது. இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும் பின்னர் அக்கதவு நன்றாகவே திறந்தது. 1989இல் ஜோசப் மேக்வானின் 'ஆங்களியாத்' பரிசு பெற்றது. மறுமணம் செய்துகொள்ளும் தாயின் விரலைப் பற்றிக்கொண்டு புது வீட்டுக்குச் செல்லும் குழந்தையையே அச்சொல் குறிக்கும். சரோத்தர் வட்டாரத்தில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான நெசவாளர்களின் வாழ்வை, அவர்கள் பேசும் மொழியிலேயே கூறும் நாவல் அது.

பரிசை வேண்டாமென்றவர்களும் உண்டு. 1969இல் 'குலகதாவோ' நூலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற சுவாமி ஆனந்த், துறவு நெறிக்குப் பொருள்வரவு பொருந்தாது என்று மறுத்துவிட்டார். 1983இல் சுரேஷ் ஜோஷியும் ஏற்க மறுத்தார்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1965ஆம் ஆண்டின் குஜராத்திப் பரிசு, 'ஜீவன வியவஸ்தா' என்னும் கட்டுரைத் தொகுதிக்காகக் காகா காலேல்கருக்கு வழங்கப்பெற்றது. காலேல்கர் குஜராத்தியர் அல்லர். 1885இல் சதாராவில் பிறந்தவர்; தாய்மொழி மராத்தி. பரோடாவில் கங்காநாத் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஆசிரியர்களை உறவுமுறை சொல்லி அழைப்பது அப்பள்ளியின் வழக்கமாதலால், அவர் 'காகா', அதாவது சிற்றப்பா ஆனார். பட்கே என்பவர் 'மாமா'. அங்கிருந்த மற்றொருவர், பின்னாளில் சென்னையில் இந்திப் பிரசார சபைப் பணியில் ஈடுபட்ட ஹரிஹர சர்மா. தமிழரான அவருக்குக் கிடைத்த பெயர் 'அண்ணா'!

1915இல் சாந்திநிகேதனத்தில் காந்தியடிகளைச் சந்தித்த காலேல்கர், பின்னர் சபர்மதி ஆசிரமத்தில் ஆசிரியரானார். குஜராத் வித்யாபீடத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பிழைக்க வந்த இடத்தின் மொழியை அவர் அலுவலுக்கு மட்டும் கற்றாரல்லர். இமயப் பயணத்தையும் நாட்டின் ஆறுகளையும் பற்றி அவர் அம்மொழியில் எழுதிய உரைநடையைக் குஜராத்தியர் தங்கள் செல்வமாகவே போற்றினர். காந்தியடிகள் அவரைச் 'சவாயி குஜராத்தி' என்றழைத்தார். சவாயி என்றால் ஒன்றேகால். பிறப்பால் குஜராத்தியர் ஒரு பங்கு என்றால், இவர் அதற்குமேல் காற்பங்கு கூடுதல்! அதனால் மராத்தி அவரை விட்டுப் போய்விடவுமில்லை; அதிலும் அவர் தொடர்ந்து எழுதினார்.

குஜராத்தி எழுத்தைக் கண்டு எவரும் மலைக்க வேண்டுவதில்லை. நாகரி எழுத்தின் தலைக்கோட்டை நீக்கினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். இந்தி படித்தவர்களுக்குச் சில நாட் பயிற்சியே போதும். தொடங்குவதற்கு ஒரு நூல் சொல்லுங்கள் என்று கேட்பீர்களாயின், காலேல்கரின் 'ஓதராதீ தீவாலோ'வைச் சொல்வேன். வடபுறத்துச் சுவர்கள் என்பது அதன் பொருள். சபர்மதிச் சிறையில் இருந்தபோது, அந்தச் சுவர்களுக்குள் வந்துபோன பறவைகளையும் சிற்றுயிர்களையும் அவர் உற்றுநோக்கி எழுதிய சிறு நூல் அது. அண்டை வீட்டுப் பிள்ளையை அருகில் இருத்திக்கொண்டு படித்தால், தெரியாத சொல்லுக்கு அகராதியும் வேண்டியிராது.